முப்பது மணி நேரம்

செவ்வாய் இரவு ஏழு மணி.
நகர அலுவலகத்தின் கீழ்த்தளம்.
மூன்று உறுப்பினர்கள், ஒரு நீள மேசை,
கொதிக்கும்போதெல்லாம் இருமுகிற காபி இயந்திரம்.
சுகாதார வாரியம் என்றால்
இந்தக் கடலோர ஊரில் இவ்வளவுதான்.
நான் ஆய்வாளர்.
வாக்கு கிடையாது. ரப்பர் பூட்ஸ் உண்டு.

முதல் பொருள், படகுத்துறை உணவகத்தின் குளிர்பெட்டி.
நாற்பத்தொன்றைத் தாண்டக் கூடாத முள்
நாற்பத்தாறில் நின்றிருந்தது.
கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்திருப்பாய் என்கிறான் முதலாளி.
மூடித்தான் பார்த்தேன். இரண்டு தடவை.
அடுத்தது கோடை முகாமின் கூரையில் வௌவால்.
அதற்கடுத்து பக்கத்து வீட்டுச் சேவல்கள்,
அவற்றுக்குப் பதினேழு நிமிடம்.
கால்நடை மருத்துவராய் இருந்து ஓய்ந்த வின்ஸ்லோ அம்மா
சேவல்கள் கட்சி.

நான்காவது, ஃபுர்டாடோ.
மனுதாரர் வந்திருக்கிறாரா என்று கேட்கிறார் தலைவர்,
தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

பதினொரு வருடம்.
அனிபால் ஃபுர்டாடோவின் கழிவுத்தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே
நூறு அடி இருக்க வேண்டும்.
இருந்தது எழுபத்திரண்டு.
கிணறு எங்கப்பா தோண்டியது,
உங்கள் சட்டம் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை என்பார்.
அவர் நிலத்தில் குழி தோண்டி, நீர் ஊற்றி,
ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடமென்று
கடிகாரத்தோடு மண்டியிட்டிருக்கிறேன்.
தலைக்கு மேலே நின்றபடி சொல்வார்:
தாகம் எடுத்தால் குடிக்கும். மண்ணை விரட்டாதே.

போன வெள்ளிக்கிழமை
அவராகவே வந்தார், கையில் மாதிரிப் புட்டி.
உள்ளே விரல் படவில்லை, நீ சொன்னபடியேதான் என்றார்.
ஆய்வகத்து வண்டி மூன்று மணிக்கே போய்விட்டிருந்தது.
முப்பது மணி நேரம் தாண்டினால் மாதிரி செல்லாது,
திங்களன்று புதிதாய்க் கொண்டுவாருங்கள் என்றேன்.
கேட்கிற ஆளா?
என் தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு,
தண்ணீருக்கு என்ன, சாகவா போகிறது என்றார்.

திங்களன்று வந்தது வேறு தாள்.
அடக்கத்துக்கான அனுமதியும் எங்கள் மேசையில்தான் கிடைக்கும்.
சனிக்கிழமை, படகுக் கொட்டகையில், இதயம்.
ஆட்சேபம் இல்லை, விலக்குக் கோரிக்கை இல்லை.
ஃபுர்டாடோவின் மனு ஒன்று
ஒரே நிமிடத்தில் முடிந்தது அன்றைக்குத்தான்.
கையெழுத்துப் போட்ட பேனா
எழுதாமல் முரண்டு பிடித்தது. உதறிவிட்டுப் போட்டேன்.

வரமாட்டார் என்றேன் தலைவரிடம்.
காபி இயந்திரம் இருமியது.

புதன் காலை அவர் வீட்டுக்குப் போனேன்.
சாவி, நண்டுக்கூண்டுக்கு அடியில்.
குழாயின் வாயைத் தீயால் வாட்டி
ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிட வேண்டும்.
ஐந்து நிமிடம் நீளமானது
யாருமற்ற சமையலறையில்.
நாட்காட்டியில் செவ்வாயைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்.
மேசையின் நொண்டிக்காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தது
எட்டாய் மடித்த காகிதம்,
விளிம்பில் எங்கள் முத்திரை.
அசைத்துப் பார்த்தேன்.
ஆடவில்லை மேசை.

புட்டியை நிரப்பினேன்.
எடுத்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர்.
உரிமையாளர் பெயர் என்ற இடத்தில்
வெகுநேரம் பேனா.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது: கிருமி இல்லை.
அது அந்தப் புதன்கிழமைத் தண்ணீருக்கு மட்டும் சாட்சி,
வியாழனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.
இதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்,
எனக்கே சொல்லிக்கொள்ள நேர்ந்தது முதல் தடவை.

பழைய புட்டி இன்னும் குளிர்பெட்டியில்.
கொட்ட வேண்டும்.

ஃப்ரெஸ்னோவில் இருக்கும் மகள் இல்டாவுக்குத் தட்டச்சு செய்தேன்:
ஆழ்ந்த இரங்கல்.
தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே எழுபத்திரண்டு அடி,
தேவை நூறு.
கையெழுத்திட்டு மடித்தேன்.
இன்னொரு மடிப்பு, இன்னும் ஒன்று.
உறைக்குள் போடும்போதுதான் பார்த்தேன்,
மேசைக்காலுக்குச் சரியான அளவு.